டிராக்டருக்குக் காட்டும் கவனம் டிரெய்லர் சக்கரத்துக்கும் வேண்டும்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் புதுக்கோட்டை மாவட்டச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் ஒன்று சாலையோரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அச்சுக்கு அடியில் கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். சக்கரம் தனியே கழன்று கிடக்கும். டிரைவர் பேரிங் வாங்க ஆலங்குடிக்கோ அறந்தாங்கிக்கோ பஸ் ஏறியிருப்பார். நெல்லுக்கு உடையவர் மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அன்றைய தினம் அவருக்கு எத்தனை நஷ்டம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் அவருடைய முறை போய்விட்டது. ஏற்றி இறக்க வந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இரவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், 17 சதவீதத்துக்குள் இருந்த ஈரப்பதம் ஏறிவிடும். பிறகு நெல்லை மறுபடியும் கொட்டிக் காய வைக்க வேண்டும். இவ்வளவும் சக்கரம் நின்றுபோனதோடு தப்பித்தால்தான். ஓடும்போதே சக்கரம் கழன்று எதிரே வந்த சைக்கிள்காரர் மீது மோதியிருந்தால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

இப்படி நடக்கும்போது ரோடு சரியில்லை என்பார்கள். பாரம் கூடிவிட்டது என்பார்கள். அவையும் காரணங்கள்தாம். ஆனால் கழற்றிய ஹப்பை உள்ளே பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரியும். கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருக்கும். அல்லது தண்ணீர் கலந்து மோர் போல வெளுத்திருக்கும். உருளைகள் துருப்பிடித்திருக்கும். பல வருஷங்களாக யாரும் அந்தச் சக்கரத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பதே உண்மை.

மாடு சொல்லும், டிராக்டர் சொல்லாது

கட்டை வண்டி ஓடிய காலத்தில் இந்த அலட்சியம் இருந்ததில்லை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மை ஒரு மூங்கில் குழாயில் வண்டியோடு தொங்கும். வெளியூர்ப் பயணம் என்றால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சுக்கு மை போட்ட பிறகுதான் மாடு பூட்டுவார்கள். மை வற்றினால் அச்சு கிறீச்சிடும்; ஊரே திரும்பிப் பார்க்கும். அதற்கு முன்பே மாடு நடையில் சுணங்கிவிடும். வண்டிக்காரருக்கு அதைவிட வேறு எச்சரிக்கை தேவைப்படவில்லை.

1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டிகளைச் சீர்திருத்த வேண்டும் என்று நாடெங்கும் எடுத்துச் சொன்னார். காற்றடித்த டயரும் நல்ல பேரிங்கும் பொருத்தினால் மாட்டின் கழுத்துச் சுமை குறையும், அதே மாடு கூடுதல் பாரம் இழுக்கும் என்பது அவர் வாதம். டயர் வண்டி ஓட்டியவர்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள். பேரிங் என்பது இழுப்பவரின் சிரமத்தைக் குறைக்க வந்த சாதனம். அதைக் கெட விட்டால் குறைந்த சிரமம் முழுவதும் திரும்பி வந்துவிடும்.

இன்று இழுப்பது மாடு அல்ல, 40 அல்லது 50 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர். பின்னால் ஒரு சக்கரம் இறுகிக்கொண்டு வந்தாலும் அது மூச்சு வாங்காது. டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? இன்ஜின் இரைச்சலில் பேரிங் முனகும் சத்தமும் டிரைவர் காதில் விழாது. புகை கிளம்பிய பிறகோ, சக்கரம் ஆடியபடி வருவதைப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் கூவிச் சொன்ன பிறகோதான் தெரியவரும். மாடு சொல்லிவந்ததை இப்போது மனிதன் தன் கையாலும் கண்ணாலும் தேடித்தான் அறிய வேண்டும். டிரெய்லர் பராமரிப்பின் அடிப்படையே இதுதான்.

இதே மாவட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும் ஊர்களுக்குப் போனால் வேறு விதமான அக்கறையைப் பார்க்கலாம். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவாக இருந்தாலும், பந்தய வண்டிக்காரர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அது எவ்வளவு நேரம் ஓசையின்றி ஓடுகிறது என்று கவனிப்பார். சில மைல் ஓடும் பந்தயத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், ஒரு வருஷ உழைப்பைச் சுமந்து போகும் டிரெய்லருக்கு அதில் பாதியாவது வேண்டாமா?

நிற்கும் வண்டிதான் கெடுகிறது

“எங்கள் டிரெய்லர் வருஷத்தில் இரண்டு மாதம்தானே ஓடுகிறது? அதற்கு எதற்கு வருஷா வருஷம் கிரீஸ்?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் பேரிங்கைப் பொறுத்தவரை ஓட்டத்தைவிட ஓய்வு பல சமயம் அதிகக் கேடு செய்கிறது.

சக்கரத்துக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஒவ்வொரு ஹப்பிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங்குகள் இருக்கும். ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த உருளைகள் ஒரு கூட்டுக்குள் வரிசையாக நிற்கும். அவை ஹப்பில் அடித்து இறக்கிய ‘கப்’ என்ற வளையத்தில் உருளும். அமெரிக்காவில் 1898-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன், குதிரை வண்டி செய்து விற்றவர். வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் விழும் பக்கவாட்டு நெருக்குதலையும், மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் உருளைகளுக்கு இந்த வடிவம் தரப்பட்டது. நாலு டன் ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லரில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் இந்தச் சிறு உருளைகளின் மேல்தான் நிற்கிறது.

உருளைக்கும் கப்புக்கும் நடுவே மெல்லிய கிரீஸ் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. வண்டி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், அழுத்தும் இடத்தில் அந்தப் படலம் பிதுங்கி விலகிவிடும். அங்கே ஈரம் சேர்ந்தால் துரு ஏறும். அறுவடைக்கு வண்டியை எடுக்கும்போது உருளைகள் அந்தத் துருவின் மேல் உருளத் தொடங்குகின்றன. கழற்றிப் பார்த்தால் கப்பில் ஏணிப்படி போல இடைவெளி விட்டுக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஓர் உருளை அசையாமல் நின்ற இடம்.

இந்த மாவட்டத்தில் இதற்கு இரண்டு காரணங்கள் கூடுதலாக உண்டு. ஒன்று செம்மண் புழுதி. ஆயில் சீல் தேய்ந்திருந்தால் மாவு போன்ற அந்தப் புழுதி உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் போல உருளையைத் தேய்க்கும்.

மற்றொன்று கண்மாய். கோடையில் வண்டல் மண் எடுக்கப் போகும் டிரெய்லர்கள் சேற்றிலும் குட்டைத் தண்ணீரிலும் அச்சு மூழ்க இறங்குகின்றன. ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப சீலின் வழியே தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். வெளியே காய்ந்துவிடும், உள்ளே புகுந்த தண்ணீர் போகாது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வண்டி களத்து மேட்டில் நனைந்தபடி நிற்கும். தையில் பேரிங் உடைகிறது என்றால் அது தையில் கெட்டதல்ல. வைகாசியிலேயே கெடத் தொடங்கியது.

மேல்நாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்ற, காருக்குப் பின்னால் வீடு போன்ற வண்டியை இழுத்துப் போகிறார்கள். அவையும் வருஷத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பவைதாம். அவற்றுக்கு அச்சு தயாரிப்பவர்கள் 12 மாதம் அல்லது 12,000 மைல், இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்கிறார்கள். தூரத்தோடு காலத்தையும் கணக்கில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. நமது டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான் பொருந்தும்.

பம்பு அடித்தால் போதாது

ஹப்பில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, மாதம் ஒரு முறை பம்பு அடிக்கிறோம் என்று திருப்தி அடைபவர்கள் உண்டு. பம்பு அடிப்பது நல்லதுதான். அது மட்டுமே பராமரிப்பு ஆகிவிடாது. புதிய கிரீஸ் போகும்போது உள்ளே இருக்கும் துருவும் மண்ணும் தண்ணீரும் வெளியே வந்துவிடுவதில்லை. அளவுக்கு மீறி அடித்தால் ஆயில் சீல் பிதுங்கும். கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் பிடிக்காமல் போகும். ஹப் நிறைய கிரீஸ் திணித்தாலும் அது கடையப்பட்டுச் சூடாகும். உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதுமானது.

ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு காலை வேளை போதும். காற்று அடிக்காத இடமாகப் பார்த்து, சுத்தமான சாக்கையோ பழைய வேட்டியையோ விரித்துக்கொள்வது அவசியம். புழுதியில் வைத்துப் பிரிப்பதைவிடப் பிரிக்காமல் விடுவதே மேல்.

டிரெய்லரைக் காலி செய்து, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான முட்டுக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. பின்பு மூடியைக் கழற்றி, பின்னை உருவி, நட்டை எடுத்தால் வாஷரும் வெளிப் பேரிங்கும் கைக்கு வரும். ஹப்பை இழுத்தால் உள் பேரிங்கும் சீலும் அதோடு வரும். இடது பக்கச் சாமான்களையும் வலது பக்கச் சாமான்களையும் கலந்துவிடலாகாது; ஒரு பேரிங் எந்தக் கப்பில் ஓடிப் பழகியதோ அதிலேயே திரும்ப ஓட வேண்டும்.

டீசலில் பிரஷ் கொண்டு பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். டீசல் ஈரம் நின்றால் புது கிரீஸ் இளகிவிடும். பட்டறைகளில் காற்றுக் குழாயைப் பிடித்து பேரிங்கை விர்ரென்று சுழல விடும் பழக்கம் இருக்கிறது. அது ஆபத்து. உருளை தெறித்தால் கண் போகும்.

உலர்ந்த பிறகு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உருளையும் கப்பும் வழவழப்பாக, ஒரே நிறமாக இருந்தால் திரும்பப் பூட்டலாம். குழி விழுந்திருந்தாலும், செதில் பெயர்ந்திருந்தாலும், ஏணிக் கோடு தெரிந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நீலம் என்பது இரும்பு வெந்துபோனதன் அடையாளம். மாற்றும்போது பேரிங்கையும் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது பேரிங் போட்டு மிச்சம் பிடிப்பவர்கள் அடுத்த வருஷம் இரண்டையும் வாங்குவார்கள். போலிப் பேரிங்குகள் நடமாடுவதால் தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குவது நல்லது. ஆயில் சீலையும் பின்னையும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும். இவை சில்லறைச் செலவுகள்.

கிரீஸ் விஷயத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் சாதாரண சுண்ணாம்பு வகை கிரீஸ் தண்ணீரைத் தாங்கும்; சூட்டைத் தாங்காது. 100 டிகிரியை நெருங்குவதற்குள் இளகி ஓடிவிடும். சக்கரப் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ்தான் ஏற்றது. அது உருகி ஒழுக 180 டிகிரி அளவு சூடு வேண்டும். டப்பாவில் 2 அல்லது 3 என்ற எண்ணும், சக்கரப் பேரிங்குக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒருவகை கிரீஸின் மேல் இன்னொரு வகையைக் கலந்தால் இரண்டும் இளகிக் கெட்டுவிடக்கூடும்.

கிரீஸை மேலே பூசுவதால் பயனில்லை. உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸ் வைத்துக்கொண்டு, பேரிங்கின் பெருத்த பக்கத்து விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உருளைகளின் நடுவே புகுந்து மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை, சுற்றிலும் இப்படியே செய்ய வேண்டும்.

கடைசியாக நட்டை முடுக்குவது. இதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் பேரிங் கப்பில் சரியாக உட்காரும். பிறகு நட்டைக் கால் சுற்று தளர்த்தி, ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் முடுக்கி, பின் துளைக்கு நேராக வரும் இடத்தில் பின்னைக் கோத்து வளைத்துவிட வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மயிரிழை அளவு அசைவு மட்டும் இருக்கலாம். “ஆடக் கூடாது” என்று பலங்கொண்டு இறுக்குபவர்கள்தான் பேரிங்கைச் சூடேற்றிக் கொல்கிறார்கள். டிரெய்லரோடு தயாரிப்பாளர் கொடுத்த குறிப்பு இருந்தால் அதன்படியே செய்வது உத்தமம்.

பூட்டிய பின் ஐந்தாறு கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் சுட்டாலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பாரம் ஏற்றிப் போகும்போது டீ குடிக்க நிறுத்துமிடத்தில் இந்தச் சோதனையைச் செய்ய அரை நிமிஷம் ஆகாது. கை வைப்பதற்கு முன் அருகே கொண்டுபோய் அனல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவரும் கேட்கலாம்

சிறு விவசாயிகளில் பலருக்குச் சொந்த டிராக்டர் கிடையாது, வாடகைக்குத்தான் பிடிக்கிறார்கள். வண்டி அவர்களுடையது இல்லாமல் இருக்கலாம். அதில் ஏறும் நெல்லும் கடலையும் தேங்காயும் அவர்களுடையவை. வாடகை பேசும்போதே சக்கரம் எப்போது கழற்றிப் பார்த்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூட்டை ஏற்றும் முன் ஹப் மூடிகள் இருக்கின்றனவா, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் பாதி விவரம் தெரிந்துவிடும். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் வாடகை வண்டிக்காரர்களும் கவனிக்கத் தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் பெண்டு பிள்ளைகளை டிரெய்லரில் ஏற்றிப்போகும் வழக்கம் இன்னும் விடவில்லை. டிரெய்லர் ஆள் ஏற்றும் வண்டி அல்ல; சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதாகிவிடும். பேரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஆள் ஏற்றக் கூடாது. பேரிங்கைப் பல வருஷங்களாகப் பார்க்காத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கிறது; அதைக் காப்பாற்றக் கற்றுக்கொடுப்பார் குறைவு. பண்ணை இயந்திரப் பயிற்சிக்கென்று மத்திய அரசு 1955-ல் மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், தென்னகத்துக்காக 1983-ல் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்திலும் நிலையங்களைத் தொடங்கியது. இரண்டு ஏக்கர்க்காரர் கறம்பக்குடியிலிருந்து அனந்தபூர் போய்ப் படித்து வருவது நடக்கிற காரியமா? வம்பன் வேளாண் அறிவியல் நிலையமும், குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியும், வேளாண்மைப் பொறியியல் துறையும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பயறு விதைக்கும் உரத்துக்கும் முகாம் நடத்துவது போல, ஊருக்கு ஒரு டிரெய்லரை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிக் காட்டும் முகாமையும் நடத்தலாம். படம் போட்ட பாடத்தைவிட, இளைஞர்கள் தங்கள் கையால் ஒரு முறை கிரீஸ் வைத்துப் பார்ப்பது மனதில் நிற்கும்.

நாள் குறித்துக்கொள்க

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜை மழைக்கு முன்னால் வருகிறது. அன்று டிராக்டருக்குச் சந்தனம் வைக்கிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அதற்கு முந்தைய வாரம் டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றிப் புது கிரீஸ் வைப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். மழைக்காலம் முழுவதும் அந்தக் கிரீஸ் துருவைத் தடுத்து நிற்கும். கண்மாய் வண்டல் ஓட்டியவர்கள் அந்த வேலை முடிந்த கையோடு இன்னொரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும். நிறுத்தி வைக்கும் காலத்தில் பெட்டியைக் காலியாக வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நாலடி தூரம் தள்ளி நிறுத்தினால் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தாது. கடைசியாகக் கிரீஸ் வைத்த தேதியைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்தால் மறதிக்கும் இடமில்லை.

ஒரு டப்பா கிரீஸ், இரண்டு ஆயில் சீல், இரண்டு பின், அரை நாள் வேலை. செலவு அவ்வளவுதான். இதைச் செய்தவர் தை மாதத்தில் தம் நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் முறைக்காக நிற்பார். செய்யாதவர் சாலையோரத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.